உயிருள்ள நீர்வாழ் உயிரினங்களின் இறக்குமதி: சான்றிதழுக்கு அப்பால் சில கேள்விகள்

2023–24 நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவுப் பொருள்களின் மதிப்பு 60,523 கோடி ரூபாய். அதில் உறையவைத்த இறாலின் பங்கு மட்டும் ஏறத்தாழ 40,000 கோடி. இந்த இறாலின் பெரும்பகுதி வனாமி. அது நம் கடலுக்குரிய இனமன்று. அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையோரத்தைத் தாயகமாகக் கொண்டது. ஆந்திரத்திலும் குஜராத்திலும் ஒடிசாவிலும் தமிழ்நாட்டிலும் குளங்களில் விடப்படும் குஞ்சுகளின் பெற்றோர், பெரும்பாலும் விமானத்தில் உயிருடன் வந்திறங்கிய தாய் இறால்களே. ஆகவே, இத்துறையின் நலம் ஓராண்டில் வந்து சேரும் சில பெட்டிகளுக்குள் இருக்கும் உயிர்களின் நலத்தோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது.

நீர்வாழ் உயிரின நலத்தை ஆய்வுப் பொருளாகக் கொண்டவன் என்ற முறையில், இந்தப் பிணைப்பை நாம் எவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்ற கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். இறக்குமதியை எதிர்ப்பது இப்பதிவின் நோக்கமன்று. இறக்குமதியால் வரக்கூடிய நோயிடரை நாம் மேலாண்மை செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் முறை, பெருமளவுக்குச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் முறையாகச் சுருங்கியிருக்கிறது என்பதே என் வாதம். அந்தச் சுருக்கத்தின் விலையை இறக்குமதியாளர் தருவதில்லை. இரண்டு ஏக்கர் குளத்தைக் குத்தகைக்கு எடுத்த பண்ணையாளர் தருகிறார்.

நிலத்திலிருந்து நீர் எங்கே வேறுபடுகிறது

கால்நடை மருத்துவத்தின் பல கருவிகள் நீருக்குள் பயனற்றுப் போகின்றன. நோயுற்ற மாட்டைத் தனியே கட்டலாம், இறந்தால் புதைக்கலாம், அதன் பக்கத்துக் கொட்டிலுக்குத் தடுப்பூசி போடலாம். குளத்து இறாலில் ஒன்று இறந்தால் மற்றவை அதைத் தின்றுவிடுகின்றன. குளத்து நீர் வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்கால் நீர் அடுத்த குளத்துக்குப் போகிறது. மேலும், இறால் போன்ற ஓடுடைய உயிரினங்களுக்கு நம்மைப் போன்ற எதிர்ப்பொருள் சார்ந்த நோயெதிர்ப்பு நினைவு இல்லை. எனவே கோழிக்கும் மாட்டுக்கும் உருவாக்கியதைப் போன்ற தடுப்பூசியை அவற்றுக்கு உருவாக்க இயலவில்லை. நோய் நுழைந்தபின் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதால், நுழைவதற்கு முன் செய்வதே ஏறக்குறைய எல்லாமும் ஆகிறது.

இரண்டாவது வேறுபாடு, நோயின்றி நோயைச் சுமப்பவை. இதற்கு ஐரோப்பா கொடுத்த விலை நன்கு அறியப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தாலியில் தொடங்கிய க்ரேஃபிஷ் கொள்ளைநோய், கண்டம் முழுவதும் உள்நாட்டு நன்னீர் க்ரேஃபிஷ் இனங்களை அழித்துச் சென்றது. காரணம் ஒரு நீர்ப்பூஞ்சை. அழிந்த இனத்துக்கு ஈடாக 1960களில் ஸ்வீடன் வட அமெரிக்காவின் சிக்னல் க்ரேஃபிஷைக் கொண்டுவந்தது. அது அந்நோயைத் தாங்கும் இனம் என்பதே அதன் தகுதியாகக் கருதப்பட்டது. தாங்கும் இனம் என்றால் சுமக்கும் இனமாகவும் இருக்கலாம் என்ற மறுபக்கத்தை ஐரோப்பிய ஆறுகள் பின்னர் உணர்ந்தன. கண்ணுக்கு நலமாகத் தெரிந்த விலங்கே நோயைப் புதிய ஆறுகளுக்குக் கொண்டுசென்றது.

நார்வேயின் கதையும் அத்தகையதே. 1970களில் ஸ்வீடன் பொரிப்பகத்திலிருந்து வந்த சால்மன் குஞ்சுகளோடு சேர்ந்து, அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள ஒட்டுண்ணி ஒன்றும் வந்தது. பால்டிக் பகுதிச் சால்மன் அதனோடு இயைந்து வாழப் பழகியது. அட்லாண்டிக் சால்மனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இறுதியில், முழு ஆறுகளையே மருந்திட்டு அவற்றிலிருந்த மீன்களை எல்லாம் கொன்று, மீண்டும் மீன் விட வேண்டிய நிலைக்கு நார்வே தள்ளப்பட்டது. அந்தக் குஞ்சுகளைக் கொண்டுவந்தவர்கள் தீய நோக்கம் கொண்டவர்கள் அல்லர். ஆற்றில் மீன் பெருக வேண்டும் என்று விரும்பியவர்களே.

இறாலின் முப்பது ஆண்டுகள்

வெண்புள்ளி நோயின் வரலாறு, உயிருள்ள விலங்குகளின் நடமாட்டத்தின் வரலாறாகவே படிக்கத்தக்கது. 1992 வாக்கில் தைவான், சீனப் பகுதியில் அது தோன்றியது. 1993இல் ஜப்பானில் வெடித்தபோது, சீனாவிலிருந்து வாங்கிய இறால் குஞ்சுகளோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. 1994இல் இந்தியாவின் கிழக்குக் கரைக்கு வந்தது. 1999இல் ஈக்குவடோரை அடைந்தது. தொற்றிய குளத்தில் மூன்று முதல் பத்து நாள்களுக்குள் பெரும்பாலான இறால்கள் இறந்துவிடும் வேகம் அதற்கு உண்டு. நெல்லூர்ப் பகுதியில் கடன் வாங்கிக் குளம் வெட்டிய ஒரு தலைமுறைக்கு அந்த ஆண்டுகள் இன்றும் நினைவில் இருக்கின்றன.

தசைச் சிதைவு நோயின் பயணம் இன்னும் தெளிவானது. 2002இல் பிரேசிலின் வடகிழக்கில் அது கண்டறியப்பட்டது. 2006இல் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் தோன்றியது. இடையில் இரண்டு பெருங்கடல்கள். இரு நாட்டு வைரஸ்களின் மரபுத்தொடரை ஒப்பிட்டபோது அவை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கடல் நீரோட்டமோ பறவையோ இதற்கு விளக்கம் ஆகாது. யாரோ சிலர் தாய் இறால்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுசென்றிருக்கிறார்கள் என்பதே ஆய்வாளர் பலரும் ஏற்கும் விளக்கம். பின்னர் அந்நோய் இந்தியாவிலும் அறிவியல் இதழ்களில் பதிவானது.

இந்தப் பின்னணியில்தான் 2009ஆம் ஆண்டின் முடிவை மதிப்பிட வேண்டும். அவ்வாண்டு வனாமியைப் பெரிய அளவில் கொண்டுவர இந்தியா அனுமதித்தது. அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து மட்டும் வாங்குதல், சென்னை நீலாங்கரையில் அமைந்த தனிமைப்படுத்தல் மையத்தின் வழியாக மட்டும் நுழைதல், பதிவு பெற்ற பொரிப்பகங்களுக்கு மட்டும் வழங்குதல் ஆகியவை நிபந்தனைகள். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் 2005ஆம் ஆண்டின் சட்டத்தின்படி இதைக் கண்காணிக்கிறது. நியாயமாகச் சொல்வதானால், இது நல்ல முடிவே. அதற்கு முன்பு நம் பொரிப்பகங்கள் கடலில் பிடித்த புலி இறால்களை நம்பியிருந்தன. அவற்றுள் கணிசமானவை வெண்புள்ளி வைரஸைச் சுமந்தவை. நோயற்ற தாய் இறால்களை இறக்குமதி செய்வது அந்நிலையில் இடரைக் குறைத்த செயல். இறக்குமதி என்றாலே ஆபத்து, உள்நாட்டுப் பொருள் என்றாலே பாதுகாப்பு என்ற எளிய சமன்பாட்டை இத்துறையின் வரலாறு ஏற்கவில்லை.

ஆனால், நல்ல முடிவு ஒன்று பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வடிவில் நல்ல முடிவாக நீடிக்குமா என்பது வேறு கேள்வி.

எஸ்.பி.எஃப். என்ற சொல்லின் பொருள்

இறால் தொழிலில் அதிகம் புழங்குவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் ‘எஸ்.பி.எஃப்.’ என்ற மூன்றெழுத்துச் சொல். ‘குறித்த நோய்க்கிருமிகள் அற்றது’ என்பதே அதன் பொருள். ஹவாயில் 1990களின் தொடக்கத்தில் வனாமிக்கு இம்முறையை உருவாக்கியவர்கள், ஒரு பட்டியலை எழுதி, அப்பட்டியலில் உள்ள கிருமிகள் இல்லை என்று பல தலைமுறைகளாகச் சோதித்து உறுதிப்படுத்திய கூட்டத்துக்கு அப்பெயரை வைத்தார்கள். இதில் மூன்று எல்லைகள் அடங்கியிருக்கின்றன.

பட்டியலில் இல்லாத கிருமியைப் பற்றி இச்சொல் எதுவும் கூறவில்லை. அந்த நிலையம் எவ்வளவு கட்டுக்கோப்பாக நடத்தப்படுகிறதோ அவ்வளவுக்கே இச்சொல் உண்மையானது. விலங்கு அதன் கதவைத் தாண்டியதும் அத்தகுதி காலாவதி ஆகிறது. மூன்றாவதாக, நோயற்றது என்பதற்கும் நோயைத் தாங்குவது என்பதற்கும் தொடர்பில்லை. எஸ்.பி.எஃப். குஞ்சை வெண்புள்ளி வைரஸ் உள்ள குளத்தில் விட்டால் அது மற்றக் குஞ்சுகளைப் போலவே இறக்கும். குஞ்சு விற்பனையில் இம்மூன்று எல்லைகளும் மறைந்து, அச்சொல் ஒரு தர முத்திரையாக மட்டும் எஞ்சுகிறது. ‘எஸ்.பி.எஃப். குஞ்சுதான் விட்டோம், எப்படி நோய் வந்தது?’ என்று பண்ணையாளர் கேட்கும்போது, அவருக்கு அச்சொல்லின் பொருளை யாரும் சொல்லவில்லை என்பதே வெளிப்படுகிறது.

சோதனையின் கணக்கு

அடுத்து, ‘சோதித்தோம், கிருமி இல்லை’ என்ற வாக்கியத்தைப் பார்ப்போம். இது புள்ளியியல் வாக்கியம். அதைப் புள்ளியியலாகவே படிக்க வேண்டும்.

ஒரு பெரிய கூட்டத்தில் நூற்றுக்கு 10 விலங்குகள் தொற்றுடையவை என்று கொள்வோம். அவற்றுள் ஒன்றையேனும் 95 விழுக்காட்டு உறுதியோடு கண்டுபிடிக்க 29 விலங்குகளைச் சோதித்தால் போதும். தொற்று 5 விழுக்காடாக இருந்தால் 59 வேண்டும். 2 விழுக்காடாக இருந்தால் ஏறத்தாழ 150 வேண்டும். இவை அனைத்தும் சோதனை ஒருபோதும் தவறாது என்ற அனுமானத்தில் கிடைக்கும் எண்கள். பத்தில் இரண்டு முறை தவறவிடும் சோதனையானால், அந்த 150 என்பது 186 ஆகும். தாய் இறால் ஒவ்வொன்றும் விலை மிக்கது. அதைக் கொன்று சோதிக்க எந்த இறக்குமதியாளரும் விரும்பமாட்டார். எனவே நீந்துகால் துண்டு, கழிவு, பெட்டியில் இறந்துபோனவை ஆகியவற்றையே நம்ப நேர்கிறது. நீந்துகால் துண்டில் வெண்புள்ளி வைரஸைத் தேடுவது பொருத்தமானது. ஆனால் கல்லீரல்–கணையத்தைத் தாக்கும் நுண்ஒட்டுண்ணியான ஈ.எச்.பி.யை அங்கே தேடுவது, வயிற்றுவலிக்காரருக்குக் காலில் ஊடுகதிர்ப் படம் எடுப்பதற்கு ஒப்பாகும். எந்தத் திசுவை, எத்தனை விலங்கிலிருந்து, எத்தனையை ஒன்றாகக் கலந்து சோதித்தார்கள் என்ற விவரம் இல்லாத ‘கிருமி இல்லை’ என்ற முடிவுக்கு அறிவியல் மதிப்பு குறைவு.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு சரக்கின் மூலம் நோய் நுழையும் வாய்ப்பு இருநூற்றில் ஒன்று மட்டுமே என்று ஒரு பேச்சுக்காக வைத்துக்கொள்வோம். யாரும் அதை ஏற்கத்தக்க இடர் என்றே சொல்வார்கள். அத்தகைய 100 சரக்குகள் வந்தால், ஒருமுறையேனும் நோய் நுழையும் வாய்ப்பு ஏறத்தாழ 39 விழுக்காடு. 300 சரக்குகள் வந்தால் 78 விழுக்காடு. நம் அனுமதி முறை ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியே பார்த்து முத்திரை இடுகிறது. குளமோ எல்லாச் சரக்குகளின் கூட்டுத்தொகையையும் அனுபவிக்கிறது.

பெயரில்லாத நோய்கள்

பட்டியலைக் கொண்டு சோதிக்கும் முறையின் ஆழமான குறை, பட்டியல் எப்போதும் கடந்தகாலத்தைச் சேர்ந்தது என்பதே. 2009இல் சீனாவில் இறால் குஞ்சுகள் குளத்தில் விட்ட சில வாரங்களிலேயே இறக்கத் தொடங்கின. 2010இல் வியட்நாம், 2011இல் மலேசியா, 2012இல் தாய்லாந்து என்று அது பரவியது. காரணம் தெரியாததால் ‘விரைந்து இறக்கும் நோய்க்குறி’ என்று பெயரிட்டார்கள். 2013இல்தான் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் குழுவினர், நச்சு மரபணுவைச் சுமந்த ஒரு வகை விப்ரியோ பாக்டீரியாவே காரணம் என்று நிறுவினார்கள். இந்த நான்கு ஆண்டுகளில் அந்நாடுகளிலிருந்து வெளியே சென்ற ஒவ்வொரு நலச் சான்றிதழும், அன்றைய பட்டியலின்படி முற்றிலும் உண்மையான சான்றிதழே.

திலாப்பியாவில் இதே கதை இன்னொரு படிப்பினையோடு நடந்தது. இஸ்ரேலில் 2009 முதல் திலாப்பியா மீன்கள் பெருமளவில் இறந்தன. காரணமான வைரஸ் 2014இல் விவரிக்கப்பட்டது. பின்னர் தாய்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தங்கள் நாட்டுப் பொரிப்பகங்களிலிருந்து 2012 முதல் சேமித்து வைத்திருந்த மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது, அவற்றிலும் அவ்வைரஸ் இருப்பதைக் கண்டார்கள். அதன் அடிப்படையில், குஞ்சுகளை வாங்கிய பல நாடுகளுக்கும் எச்சரிக்கை விடுத்தார்கள். அவர்களிடம் பழைய மாதிரிகள் இருந்ததால் அது முடிந்தது. நம் நாட்டில் 2015இல் வந்திறங்கிய ஒரு சரக்கைப் பற்றி இன்று ஐயம் எழுந்தால், எடுத்துப் பார்க்கப் பொதுவில் அணுகத்தக்க மாதிரி ஏதேனும் இருக்கிறதா? இக்கேள்வியை ஒவ்வோர் ஆய்வு மாணவரும் கேட்க வேண்டும்.

பக்கவாட்டுக் கதவுகள்

தாய் இறால் வரும் முன்கதவைப் பற்றி மட்டும் பேசுவது போதாது. தாய் இறால்களுக்கு முட்டை முதிர்ச்சிக்காகப் பாலிக்கீட் எனப்படும் கடற்புழுக்களை உயிருடன் ஊட்டுவது வழக்கம். அப்புழுக்களின் வழியாக ஈ.எச்.பி. உள்ளிட்ட கிருமிகள் தாய் இறாலை அடையக்கூடும் என்பது அறியப்பட்டதே. சோதித்து, தனிமைப்படுத்தி, சான்றளித்துக் கொண்டுவந்த விலங்குக்குச் சோதிக்காத சேற்றுப்புழுவை ஊட்டினால், செய்த செலவு முழுவதும் ஒரு வேளை உணவில் கரைந்துவிடும். ஈ.எச்.பி. பெரும்பாலும் இறாலைக் கொல்வதில்லை, வளரவிடாமல் செய்கிறது. தீவனம் தின்னும், எடை கூடாது. குளத்து மண்ணில் அதன் வித்துகள் நெடுநாள் தங்கும். கொல்லாத நோய் என்பதால் அது செய்தியாவதில்லை. கடனாக மட்டும் சேர்கிறது.

வண்ண மீன் வணிகம் இன்னொரு கதவு. சென்னைக் கொளத்தூரும் கொல்கத்தாவின் காலிஃப் தெருச் சந்தையும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிப்பவை. அவ்வணிகத்தை இழிவாகப் பேசுவது என் கருத்தன்று. ஆனால் அதன் நோயிடர் இறாலினுடையதைவிடச் சிக்கலானது. இனங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் கிருமிகள் பல, சரக்குகள் சிறியவை, வாங்குபவர் தொட்டி நீரைச் சாக்கடையிலோ ஏரியிலோ ஊற்றுபவர். 2003இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பண்ணை ஒன்றில் முர்ரே காட் என்னும் உள்நாட்டு மீன்கள் இறந்தபோது, அவற்றில் கண்ட வைரஸ், ஆசியாவிலிருந்து வண்ண மீனாக வந்த குள்ள கௌராமியின் வைரஸோடு ஏறக்குறைய ஒத்திருந்தது. ஒரு நாட்டின் படுக்கையறைத் தொட்டிக்கும் அதன் உணவு மீனுக்கும் இடையே இத்தனை சிறிய தொலைவுதான்.

கெண்டை மீனின் ஹெர்ப்பிஸ் வைரஸ் நோய், நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 16 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போதே பெரும்பாலும் வெளிப்படுகிறது. கோடையில் 31 டிகிரி நீரில் கோய் மீன்களைத் தனிமைப்படுத்தி, ‘நோய் அறிகுறி இல்லை’ என்று எழுதினால், நாம் மீனை அவதானிக்கவில்லை, நாள்காட்டியைத்தான் அவதானித்திருக்கிறோம். தனிமைப்படுத்தல் என்பதை நாள்களின் எண்ணிக்கையாக மட்டும் வரையறுப்பதன் விளைவு இது.

ஒழுங்கில்லா ஒழுங்கு

உலக வர்த்தக அமைப்பின் சுகாதார உடன்படிக்கை, ஒரு நாடு தன் பாதுகாப்பு அளவைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்கிறது. ஆனால் அந்நடவடிக்கை அறிவியல் முறையிலான இடர் மதிப்பீட்டின் மேல் நிற்க வேண்டும். ஒத்த இடர்களை ஒத்த அளவுகோலால் அளக்க வேண்டும். இதற்கு மிகச் சிறந்த பாடம் கனடா–ஆஸ்திரேலியா சால்மன் வழக்கு. பதப்படுத்தாத சால்மன் இறைச்சியை ஆஸ்திரேலியா நோய்க்கு அஞ்சித் தடை செய்திருந்தது. அதே வேளையில் உயிருள்ள வண்ண மீன்களையும், தூண்டில் இரையாகப் பயன்படும் ஹெர்ரிங் மீனையும் அனுமதித்திருந்தது. இறந்த சால்மனைவிட உயிருள்ள மீன் பெரிய இடர் அல்லவா என்ற கேள்விக்கு அதனால் ஏற்கத்தக்க விடை தர இயலவில்லை. 1998இல் மேல்முறையீட்டு அமைப்பு அத்தடையை ஏற்கவில்லை. இன்று உயிரியல் பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற ஆஸ்திரேலியா, அந்தத் தோல்விக்குப் பிறகே தன் இடர் மதிப்பீடுகளை விரிவாக எழுதிப் பொதுவில் வெளியிடும் வழக்கத்தை வலுப்படுத்தியது.

உலக விலங்கு நல அமைப்பின் நீர்வாழ் உயிரின விதித்தொகுப்பு, இடர் பகுப்பாய்வை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது: ஆபத்தை இனங்காணல், இடரை மதிப்பிடல், இடரை மேலாண்மை செய்தல், இடரைப் பற்றி உரையாடல். மதிப்பிடலுக்குள் கிருமி நுழையும் வாய்ப்பு, உள்நாட்டு உயிரினத்தை எட்டும் வாய்ப்பு, விளைவின் கனம் ஆகியவை தனித்தனியே ஆராயப்பட வேண்டும். நம் நாட்டில் மூன்றாம் கூறு மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. முதலிரண்டு கூறுகளும் எங்கேனும் கோப்புகளில் இருக்கலாம். மாணவரோ பண்ணையாளரோ படித்துக் கேள்வி கேட்கும் வகையில் அவை இல்லை. நான்காம் கூறு, சுற்றறிக்கை அனுப்புவதோடு முடிகிறது.

சட்ட அடித்தளமும் பழையது. உயிருள்ள விலங்குகளின் இறக்குமதியை முறைப்படுத்தும் மூலச் சட்டம் 1898ஆம் ஆண்டினது. குதிரையையும் மாட்டையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. அதற்கு மாற்றாக 2023இல் வெளியான வரைவு மசோதா, உயிருள்ள விலங்குகளின் ஏற்றுமதி தொடர்பான எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பின் நியாயம் தனியே பேசத்தக்கது. ஆனால் அதோடு சேர்த்து நோய்ப் பாதுகாப்பு குறித்த விவாதமும் மூட்டை கட்டி வைக்கப்பட்டது.

இரு மறுப்புகள்

‘இவ்வளவு இடர் என்றால் தடை செய்துவிடலாமே’ என்பர் சிலர். தடையின் வரலாறு நம் கண்முன் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி எந்த அனுமதியும் இன்றி வங்கதேச எல்லை வழியாக நாட்டுக்குள் வந்தது. அரசு தடை செய்த பின்னும் அது சந்தையில் கிடைக்கிறது. சட்டப்படி வரும் சரக்குக்கு ஒரு முகவரியாவது உண்டு. கள்ளத்தனமாக வருவதற்கு அதுவும் இல்லை. தேவை இருக்கும்வரை தடை, இடரைக் கண்காணிப்பின் எல்லைக்கு வெளியே தள்ளும் செயலாகவே முடியும்.

‘இவ்வளவு சோதனை செய்தால் செலவு தாங்காது’ என்பர் வேறு சிலர். செலவு உண்மையானதே. ஆனால் இப்போது அச்செலவு இல்லாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. சோதனையில் மிச்சப்படுத்திய தொகையைப் பண்ணையாளர் பாதியில் அறுவடை செய்த குளத்தில் செலுத்துகிறார். தாய் இறாலின் விலையில் சிறு பங்காக அமையக்கூடிய ஒரு நோய்ப் பாதுகாப்புக் கட்டணத்தை இறக்குமதியாளரிடமும் பொரிப்பகத்திடமும் பெற்று, அதைக் கொண்டு சோதனையையும் நோய்க்காலத் துயர்நீக்கத்தையும் நடத்துவது, இடரை உண்டாக்குபவரே அதற்கு விலை தரும் நேர்மையான ஏற்பாடாக இருக்கும்.

செய்யக்கூடியவை

முதலாவது, ஒவ்வொரு இறக்குமதி இனத்துக்கும் எழுத்து வடிவிலான இடர் பகுப்பாய்வைப் பொதுவில் வெளியிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் திருத்த வேண்டும்.

இரண்டாவது, நுழையும் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் எடுக்கும் திசு மாதிரிகளை உறைநிலையில் நீண்டகாலம் சேமிக்கும் தேசியக் களஞ்சியம் வேண்டும். நாளை பெயர் பெறப்போகும் நோயை இன்று சோதிக்க முடியாது. ஆனால் நாளை சோதிப்பதற்கு இன்று சேமிக்க முடியும். நான் முன்வைப்பவற்றுள் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரக்கூடியது இதுவே என்று கருதுகிறேன்.

மூன்றாவது, சோதனை முடிவுகளை எண்ணிக்கை, திசு, சோதனை முறை ஆகிய விவரங்களோடு வெளியிட வேண்டும். நிறுவனத்தின் பெயரை மறைத்துக்கொள்ளட்டும். அறிவியலை மறைக்க வேண்டியதில்லை.

நான்காவது, ஏற்றுமதியை வளர்க்கும் பொறுப்பும் இடரை மதிப்பிடும் பொறுப்பும் வெவ்வேறு கூரைகளின் கீழ் இருக்க வேண்டும். நீலாங்கரை மையம், கடல் உணவு ஏற்றுமதியை ஊக்குவிக்கும் அமைப்பின் ஆய்வுப் பிரிவால் நடத்தப்படுகிறது. அங்குப் பணிபுரிவோரின் திறமையிலோ நேர்மையிலோ எனக்கு ஐயமில்லை. ஆனால் நிறுவன அமைப்பு, தனிமனிதரின் நேர்மையைச் சார்ந்திராமல் இருப்பதே நல்லது.

ஐந்தாவது, எல்லைக்குள் நடக்கும் கண்காணிப்பை எல்லையோடு இணைக்க வேண்டும். லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபுவள நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் 2013 முதல் நடைபெறும் தேசிய நோய்க் கண்காணிப்புத் திட்டம் நல்ல தொடக்கம். ஒரு குளத்தில் புதிய நோய் தோன்றினால், அக்குஞ்சு எந்தப் பொரிப்பகத்தது, அப்பொரிப்பகத்தின் தாய் இறால் எந்தச் சரக்கில் வந்தது என்று சில நாள்களுக்குள் பின்னோக்கிச் செல்ல இயல வேண்டும். இயலாவிட்டால், கண்காணிப்பு என்பது இறப்புப் பதிவேடாகவே இருக்கும். நோயைத் தெரிவித்த பண்ணையாளருக்கு அடுத்த கடனும் காப்பீடும் மறுக்கப்படாது என்ற உறுதியும் உடன் வேண்டும். தெரிவிப்பது தண்டனையானால் யாரும் தெரிவிக்கமாட்டார்கள்.

ஆறாவது, உள்நாட்டுத் தாய் இறால் பெருக்கத்துக்கு நீண்டகால முதலீடு வேண்டும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நம் வெள்ளை இறாலின் மரபு மேம்பாட்டில் ஈடுபட்டிருப்பது இத்திசையில் ஒரு படி. உள்நாட்டில் வளர்த்தாலும் நோய்க் கட்டுப்பாடு தேவைதான். ஆயினும் பெட்டிகளின் எண்ணிக்கை குறையும்போது மேலே சொன்ன கணக்கும் நமக்குச் சாதகமாக மாறும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் துறையில் புதிய கிருமியைக் கண்டறிந்து கட்டுரை வெளியிடுவதற்குக் கிடைக்கும் மதிப்பு, ஒரு சோதனையின் தவறவிடும் விகிதத்தை அளந்து எழுதுவதற்குக் கிடைப்பதில்லை. நோய் வந்தபின் அதன் மரபுத்தொடரை வெளியிட்டு மகிழும் நாம், அது வந்த பாதையை வரையும் ஆய்வில் பின்தங்கியிருக்கிறோம். நீந்துகால் துண்டுக்கும் கழிவு மாதிரிக்கும் இடையே சோதனை உணர்திறன் எவ்வளவு வேறுபடுகிறது, நம் வெப்பநிலையில் எத்தனை நாள் தனிமைப்படுத்தல் எந்த நோய்க்குப் போதும், கொளத்தூரில் விற்கும் மீனின் தொட்டி நீர் எங்கே போய்ச் சேர்கிறது ஆகியவை யாவும் முனைவர் பட்டத்துக்குத் தகுதியான கேள்விகளே. இவற்றுக்கு விடை எழுதப்படும்வரை, கொள்கை வகுப்போரிடம் காட்ட நம் கையிலும் சான்றிதழைத் தவிர வேறொன்றும் இருக்கப்போவதில்லை.